தலையை முதலில் யாரிடம் காட்டுவது?

தீபாவளி மதியம், சிங்கப்பூர் ஈசூனில் மாமனார் வீடு. சாப்பாடு முடிந்து கூடத்தில் சாய்ந்திருந்தேன். மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினான். "அத்தான், இதைக் கொஞ்சம் பாருங்க. அக்காகிட்ட சொல்லிடாதீங்க." வழுக்கையில் முடி நட, இஸ்தான்புல்லில் இருக்கும் ஒரு மருந்தகம் (கிளினிக்) வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலை அது. மூன்று இரவு ஓட்டல், விமான நிலையத்திலிருந்து கார், 3,500 கிராஃப்ட், அதாவது பின்மண்டையிலிருந்து எடுத்து நடும் முடிக் கொத்து. ஐந்து படம் எடுத்து அனுப்பினானாம். இருபது நிமிடத்தில் பதில் வந்துவிட்டதாம்.

அவனுக்கு 26 வயது. தை மாதம் கல்யாணம். நெற்றியின் இரண்டு மூலைகளும் லேசாக ஏறியிருந்தன. அதைவிட, குளியலறை வடிகாலில் தினமும் சேரும் முடிதான் அவனைத் தூங்கவிடாமல் செய்தது. எனக்கு 41. என் கதையில் ஒளிக்க ஒன்றுமில்லை. முன்பக்கம் பாதி போய்விட்டது, உச்சியில் ஐம்பது காசு நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் தெரிகிறது. நானும் ஐந்தாறு வருடமாக யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே இருவரும் ஜோடி போட்டுக்கொண்டு, அடுத்த சில மாதங்களில் முடி நடும் சிகிச்சைக்காக நான்கு விதமான ஆட்களிடம் தலையைக் காட்டினோம். பேரங்காடியில் இருக்கும் முடிப் பராமரிப்பு நிலையம், தோல் மருத்துவர், இங்கேயே முடி நடும் தனியார் மருத்துவர், கைப்பேசி வழியாக வெளிநாடு. முதல் ஆலோசனைக்கு இவற்றில் எங்கே போவது என்பதுதான் இந்தக் கட்டுரை. எங்கே நட்டுக்கொள்வது என்பது அதற்கு அடுத்த கேள்வி. பலரும் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம்.

பேரங்காடி நிலையத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகமில்லை. முதல் முறைக்குக் குறைந்த கட்டணம் என்று விளம்பரம் பார்த்துப் போனோம். பெரிதாக்கிக் காட்டும் கேமராவைத் தலையில் வைத்துத் திரையில் காட்டினார்கள். அவ்வளவு பெரிதாக்கினால் யாருடைய தலையும் வறண்ட ஏரி மாதிரிதான் தெரியும். வேர்க்கால் அடைத்திருக்கிறது, எண்ணெய்ப் பசை அதிகம், பத்து முறை வந்தால் சரியாகும், விலை இன்று மட்டும்தான் இது. எழுந்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. எதிரே உட்கார்ந்திருந்தவர் வெள்ளை அங்கி போட்டிருந்தார், ஆனால் மருத்துவர் அல்ல. தலையைக் கழுவி நீவிவிட்டதில் சுகமாக இருந்தது உண்மை. முடி நடலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது. அதைச் சொல்லும் தகுதியும் அனுமதியும் அவர்களிடம் இல்லை.

அடுத்தது தோல் மருத்துவர். இதற்கு இங்கே இரண்டு வழி உண்டு. நேராகத் தனியார் நிபுணரிடம் போய் முழுக் கட்டணம் கொடுக்கலாம். அல்லது பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு நோவினா பக்கம் மண்டலே ரோட்டில் இருக்கும் நேஷனல் ஸ்கின் சென்டருக்குப் போகலாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பரிந்துரையோடு போனால் ஆலோசனைக்கு மானியக் கட்டணம். ஆனால் காத்திருக்க வேண்டும். மச்சான் அவசரக்காரன், தனியாரிடம் போனான். நான் பலதுறை மருந்தகம் வழியாகப் போனேன். இருவருக்கும் கேட்கப்பட்ட கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்பா தலை எப்படி, அம்மா வழித் தாத்தா தலை எப்படி என்று கேட்டார்கள். சாப்பிடும் மருந்துகள் என்ன. எடை திடீரென்று குறைந்ததா. கடைசி ஆறு மாதத்தில் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பெரிய மனக்கஷ்டம் ஏதாவது உண்டா. இந்தக் கேள்வியில்தான் மச்சான் மாட்டினான். ஆவணியில் அவனுக்கு டெங்கி. ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தான். காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது தெரிந்த விஷயம். உடம்பு அதிர்ச்சியில் இருக்கும்போது நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், பிறகு சேர்ந்து உதிர்கின்றன. வேர் அங்கேயே இருப்பதால் சில மாதங்களில் தானாகவே திரும்பி வரும். அவன் வடிகாலில் பார்த்ததில் பெரும்பகுதி அதுதான். இஸ்தான்புல்லுக்கு அனுப்பிய ஐந்து படத்தில் டெங்கி தெரியாது.

அதன்பின் டெர்மாஸ்கோப் என்ற சிறிய உருப்பெருக்கியை வைத்து நெற்றியையும் பின்மண்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கருவி ஏறக்குறைய பேரங்காடியில் பார்த்த அதே ஜாதிதான், பார்க்கும் கண்தான் வேறு. ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையில் முடி ஒரேயடியாக விழுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மெலிந்து வளரும். தடித்த முடியும் மெல்லிய முடியும் பக்கத்தில் பக்கத்தில் கலந்து நின்றால் அது அடையாளம். மச்சானின் நெற்றி மூலையில் அந்தக் கலவை தொடங்கியிருந்தது. ஆக அவனுக்கு இரண்டும் உண்டு: திரும்பி வரப்போகும் உதிர்வு ஒன்று, மெதுவாக ஏறும் பரம்பரை வழுக்கை ஒன்று. முடி வளர்ச்சியைத் தூண்டும் மினாக்சிடில் மருந்தைத் தடவச் சொன்னார்கள். ஃபினாஸ்டரைட் 1 மில்லிகிராம் மாத்திரையைப் பற்றி விளக்கினார்கள். "ஒரு வருஷம் கழித்துப் படம் எடுத்துப் பார்ப்போம், நடுவதைப் பற்றி அப்போது பேசலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஃபினாஸ்டரைட் பற்றி ஒரு வார்த்தை. 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாக அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. 1997-ல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் வந்தது. டெஸ்டாஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், முடியை மெலிய வைக்கும் டிஎச்டி ஆக மாறுவதைத் தடுக்கிறது. இருப்பதைக் காப்பாற்றுவதில்தான் அதன் பலம். சிலருக்கு ஆசை குறைவது, விறைப்புக் குறைவது, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் வரலாம். கல்யாணம் வைத்திருக்கும் பையனிடம் இதை மருத்துவர் வெளிப்படையாகப் பேசினார். என்னிடம் வேறொன்று சொன்னார்: நாற்பது தாண்டியவர் இதைச் சாப்பிட்டால் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை அளவு ஏறக்குறைய பாதியாகத் தெரியும், எந்த மருத்துவரிடம் போனாலும் சொல்லிவிடுங்கள் என்று. முடி நடுபவர்கள் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

எனக்கு என்ன தீர்ப்பு? வழுக்கை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லும் நார்வுட் அளவுகோலில் நான்காம் நிலை. மொத்தம் ஏழு. ஹாமில்டன் என்பவர் 1951-ல் வகுத்ததை நார்வுட் 1975-ல் திருத்தியது. பின்மண்டை நன்றாக இருக்கிறது, இந்த வயதில் வழுக்கையின் போக்கும் ஓரளவு தெரிந்துவிட்டது, விருப்பமிருந்தால் நடும் மருத்துவரைப் பார்க்கலாம் என்றார். தோல் மருத்துவரிடம் ஒரே குறை, எத்தனை கிராஃப்ட், எவ்வளவு செலவு என்று கேட்டால் விவரமான பதில் வராது. அது அவர் தொழில் இல்லை. நட்டாலும் நடாவிட்டாலும் அவருக்குக் கிடைப்பது ஆலோசனைக் கட்டணம் மட்டும்தான். அதனால்தான் அவர் பேச்சை நம்ப முடிந்தது என்றும் தோன்றுகிறது.

இனி நடும் மருத்துவர்கள். ஆர்ச்சர்ட் வட்டாரத்தில் இரண்டு இடம் போனோம். பெயர் சொல்லப்போவதில்லை.

முதல் இடத்தில் காபியெல்லாம் கொடுத்தார்கள். ஆலோசகர் ஒருவர் நாற்பது நிமிடம் பேசினார். திரையில் என் முகத்துக்கு 19 வயது நெற்றியைப் பொருத்திக் காட்டினார். மருத்துவர் ஏழு நிமிடம் வந்தார். 2,500 கிராஃப்ட், இந்த வாரம் முன்பணம் கட்டினால் தள்ளுபடி. பின்மண்டையை யாரும் அளக்கவில்லை.

இரண்டாம் இடத்தில் ஆலோசகரே கிடையாது. மருத்துவர் தானே பேனாவை எடுத்து நெற்றியில் கோடு போட்டார், நான் நினைத்ததைவிட ஒரு விரல் அகலம் உயரத்தில். "உங்களுக்கு அறுபது வயதாகும்போதும் இந்தக் கோடு பொருத்தமாக இருக்க வேண்டும்" என்றார். அப்புறம் கணக்குப் போட்டார். ஒரு கிராஃப்ட் என்பது ஒரு முடி அல்ல, ஒன்று முதல் நான்கு முடி வரை சேர்ந்து முளைக்கும் ஒரு கொத்து. நட வேண்டிய இடம் சுமார் 50 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 40 கொத்து என்றால் 2,000. இயற்கையான அடர்த்தியில் இது பாதி அளவுதான் வரும். ஆனால் பாதி இருந்தாலே கண்ணுக்கு நிறைவாகத் தெரியும். உச்சி வட்டத்தை இப்போது தொடமாட்டேன், அது இன்னும் விரியும் என்றார்.

மாமியாரிடம் இதை விளக்கும்போது தஞ்சாவூர்க்காரரான அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நாத்தங்கால்ல பறிச்சு வயல்ல நடற மாதிரி." அதேதான். ஒரு வித்தியாசம் மட்டும், இந்த நாற்றங்காலில் பறித்த இடத்தில் மறுபடி முளைக்காது. பின்மண்டையிலும் பக்கவாட்டிலும் இருப்பதுதான் வாழ்நாள் முழுவதற்குமான இருப்பு. 1959-ல் நியூயார்க் மருத்துவர் ஆரன்ட்ரைக் எழுதிக் காட்டியது, பின்மண்டை முடியை முன்னால் நட்டாலும் அது தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது, உதிராது என்பது. இந்தத் தொழில் முழுவதும் அந்த ஒரு உண்மையின்மேல்தான் நிற்கிறது. ஆனால் நட்ட முடி நிற்கும், அதற்குப் பின்னால் இருக்கும் சொந்த முடி தொடர்ந்து போகும். 26 வயதில் தாழ்வாகக் கோடு போட்டு 3,500 கொத்தைச் செலவழித்துவிட்டால், 40 வயதில் முன்னால் ஒரு தீவும் பின்னால் ஒரு கடலும் மிஞ்சும். நிரப்ப நாற்று இருக்காது.

கொத்துகளை எடுக்க இரண்டு வழிகள். எஃப்யூடி என்றால் பின்மண்டையில் ஒரு நீளத் துண்டுத் தோலை எடுத்துத் தைத்துவிட்டு, அதிலிருந்து கொத்துகளைப் பிரிப்பது. எஃப்யூஇ என்றால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளைக் கருவியால் ஒவ்வொன்றாக எடுப்பது. முதல் இடத்தில் எஃப்யூஇ-தான் நவீனம் என்று ஒரே பேச்சு. இரண்டாம் மருத்துவர் கேட்டது வேறு: "எதிர்காலத்தில் மொட்டை போடுவீர்களா?"

சீனரான அந்த மருத்துவர் இதைக் கேட்டது எனக்கு ஆச்சரியம். தமிழர்கள் நிறையப் பேரைப் பார்த்திருப்பார் போல. நமக்கு இது வெறும் பாணி சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை. பழனி, திருப்பதி நேர்த்திக்கடன் இருக்கிறது. பெற்றவர்களுக்குக் கொள்ளி வைக்கும் பிள்ளை தலையை மழிக்கும் வழக்கம் இருக்கிறது. எஃப்யூடி செய்துகொண்டவர் மழித்தால் காதுக்குக் காது ஒரு கோடு தெரியும். எஃப்யூஇ-யிலும் தழும்பே இருக்காது என்பது விற்பனைப் பேச்சு. வெள்ளைப் புள்ளிகள் விழும், மாநிறத் தோலில் அவை எடுத்துத் தெரியலாம். ஆனால் கோட்டைவிடப் புள்ளி தேவலை. என் முடிவு அங்கேயே ஆகிவிட்டது. ரிசர்விஸ்ட் படைப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் பின்பக்கம் ஒட்ட வெட்டிக்கொண்டு போக வேண்டிய மச்சானுக்கும் இதே கணக்குதான்.

இன்னொன்றும் கேட்டார்: காது குத்திய இடத்தில், தடுப்பூசி போட்ட இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்திருக்கிறதா? கீலாய்டு என்ற இந்தத் தடிப்பு கறுத்த தோல்காரர்களுக்கு அதிகம் வரும். அந்தப் போக்கு உள்ளவர்கள் தலையில் கத்தி வைக்குமுன் பலமுறை யோசிக்க வேண்டும். நம் தோலில் ஒரு அனுகூலமும் உண்டாம். கறுப்பு முடிக்கும் மாநிறத் தோலுக்கும் இடையே வேறுபாடு குறைவு, முடியும் பெரும்பாலும் தடிப்பு, கொஞ்சம் சுருள். அதே எண்ணிக்கைக் கொத்து வெளிறிய தோலில் இருப்பதைவிட நம் தலையில் நிறைவாகத் தெரியும்.

விலை: இரண்டாம் இடத்தில் எனக்குச் சொன்னது 2,000 கிராஃப்டுக்கு 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. அழகுக்காகச் செய்வதால் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் கிடையாது, மெடிஷீல்டு காப்பீடும் கிடையாது. சென்னையில் ஒரு இடத்தில் கிராஃப்டுக்கு 50 ரூபாய் சொன்னார்கள். மொத்தம் ஒரு லட்சம், கிட்டத்தட்ட 1,500 வெள்ளி. நாலு மணி நேர விமானம், அம்மா வீட்டுச் சாப்பாடு, மொழிப் பிரச்சினை கிடையாது. இந்த வித்தியாசத்தைப் பார்த்தபின்னும் தடுமாறாதவர் பணக்காரராக இருக்க வேண்டும்.

அதனால் வெளிநாட்டை ஒரேயடியாகத் தள்ளவில்லை, சென்னையையும் இஸ்தான்புல்லையும் ஒரே தட்டில் வைக்கவும் இல்லை. சென்னையில் விடுமுறைக்குப் போகும்போது நேரில் உட்கார்ந்து பேச முடியும். எடுப்பவர் யார், மருத்துவர் பதிவு எண் என்ன என்று தமிழில் தயங்காமல் கேட்க முடியும். கேட்டே ஆக வேண்டும். 2016-ல் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவரே அதன்பின் இறந்துபோனார். 2022-ல் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், பட்டறையில் பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் பயிற்சி ஆகாது என்று எழுத்திலேயே சொல்லவேண்டிய நிலை வந்தது. நல்ல கைகள் அங்கே இல்லாமலில்லை, தேடுவது நம் பொறுப்பு. இஸ்தான்புல்லிலும் திறமைசாலிகள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே கிடைத்த முதல் ஆலோசனை என்பது ஐந்து படமும் ஒரு எண்ணும்தான். பதில் எழுதியவர் விற்பனைப் பிரிவு. மருத்துவர் பெயரை மூன்று முறை கேட்டோம், நான்காம் முறை ஓட்டலின் நீச்சல்குளப் படம் வந்தது. பதினோரு மணி நேர விமானப் பயணத்துக்கு அப்பால், நட்ட இடத்தில் சீழ் வைத்தால் யாரிடம் ஓடுவது?

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். மச்சான் ஆரம்பத்தில் சொன்னான்: "இஸ்தான்புல்காரங்க இணையப் பக்கத்துல எத்தனை முன்-பின் படம் பாருங்க, சிங்கப்பூர் மருந்தகத்துல ஒண்ணுமே இல்ல." இங்கே சுகாதார அமைச்சின் விளம்பர விதிகள் அந்தப் படங்களைப் போட இடம் தருவதில்லை. படம் இல்லாதது திறமை இல்லாததன் அடையாளம் ஆகாது. ஆலோசனை அறையில் நேராகக் கேட்கலாம். அப்போதும் பன்னிரண்டு மாதம் கழிந்த படம், ஈரத் தலையோடு, பின்மண்டையையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவரின் பெயரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

மச்சானின் அவசரத்துக்கு வருவோம். ஐப்பசியில் நட்டுத் தையில் தாலி கட்டலாம் என்பது அவன் திட்டம். நட்ட முடிகள் முதல் சில வாரங்களிலேயே உதிர்ந்துவிடும். பக்கத்திலிருக்கும் சொந்த முடியும் கொஞ்சம் அதிர்ச்சியில் கொட்டலாம். மூன்று நான்கு மாதத்தில்தான் புது முளை தெரியும், முழுப் பலன் தெரியப் பன்னிரண்டு மாதம் ஆகும். அதாவது மணவறையில் உட்காரும் நாளில் அவன் தலை இப்போது இருப்பதைவிட மோசமாக இருந்திருக்கும். இதை முதல் இடத்து ஆலோசகரிடம் கேட்டபோது, "போட்டோஷாப்பில் சரிசெய்யலாம்" என்றார். இரண்டாம் மருத்துவர் அவனுக்கு நடமாட்டேன் என்றே சொல்லிவிட்டார். ஆலோசனைக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஆக என் வரிசை இது. காரணம் தெரியாத எந்த முடி உதிர்வுக்கும் முதலில் தோல் மருத்துவர். பணம் முக்கியமென்றால் பலதுறை மருந்தகம் வழியாக, நேரம் முக்கியமென்றால் தனியார். பெண்கள் கட்டாயம் இங்கேதான் தொடங்க வேண்டும். அவர்களுக்குப் பெரும்பாலும் தலை முழுக்கப் பரவலாக மெலிவதால் பின்மண்டையையே நம்ப முடியாமல் போகலாம், தைராய்டும் இரும்புச்சத்தும் பார்க்காமல் எதுவும் பேசக்கூடாது. காரணம் தெரிந்து, முப்பது தாண்டி, மருந்தில் ஒரு வருடம் நிலைத்தவர் நேராக நடும் மருத்துவரிடம் போகலாம். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல: என் தலையில் துளை போடப்போவது உங்கள் கையா, உதவியாளர் கையா? சென்னையா சிங்கப்பூரா என்பதை அந்தப் பதில் கிடைத்த பிறகு முடிவு செய்தால் போதும். வாட்ஸ்அப் ஆலோசனையை விலை தெரிந்துகொள்ளப் பயன்படுத்தலாம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பேரங்காடிக்குத் தலை நீவிக்கொள்ளப் போங்கள்.

நான் யோசித்து, 12,000 கொடுக்கவே தீர்மானித்தேன். ஒரே ஒரு முறைதான் என்றால் சென்னை போதும், ஆனால் உச்சி வட்டம் விரிந்தால் ஐந்து வருடம் கழித்து இதே கை மறுபடி வேண்டும், அது பஸ் தூரத்தில் இருக்கட்டும் என்றுதான். கையில் அவ்வளவு இல்லாதிருந்தால் சென்னையில் இரண்டு விடுமுறைகளைத் தேடுவதிலேயே செலவழித்திருப்பேன்.

கல்யாணம் தையில் நல்லபடியாக முடிந்தது. டெங்கியில் போன முடியில் பாதி அதற்குள் திரும்பி வந்திருந்தது. நெற்றி மூலைக்கு ஒப்பனைக்காரர் ஏதோ கறுப்புத் தூள் தூவினார், ஆல்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. விளக்கொளியில் பளபளத்த ஒரே தலை என்னுடையது. எனக்கு நடும் தேதி ஆனியில். எஃப்யூஇ-க்கு முன் தலையை ஒட்ட மழித்துவிடுவார்கள் என்று சொன்னதும் மாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எப்படியும் எடுக்கத்தானே போறாங்க மாப்பிள்ளை? அதைப் பழனியிலயே குடுத்துட்டு வந்திருங்க." மருத்துவரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே, மூன்று வாரம் முன்பாகவே முடித்துவிடுங்கள், சவரக்கத்திக் காயம் மட்டும் வேண்டாம் என்றார். வைகாசிக்கு டிக்கெட் போட்டாயிற்று.